அரசமைப்பின் அடையாளம்: மனித உரிமைக்குக் காவலா, சாக்கா?

கேட்டது இதுதான்: ஒரு நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் "இது எங்கள் அரசமைப்பின் அடையாளத்தை, அதாவது அதன் விட்டுக்கொடுக்க முடியாத அடித்தளத்தைத் தொடுகிறது" என்று சொல்லி, நாட்டுக்கு வெளியே இருக்கும் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்க மறுக்கிறது, இது மனித உரிமைக்குக் காவலா இல்லை மீறலுக்குச் சாக்கா? கூடவே, அரசமைப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றத்தாலும் திருத்த முடியாது என்னும் நம்முடைய அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடும் இதுவும் ஒன்றுதானா?

இரண்டாகவும் இருந்திருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அப்படிச் சொன்னால் உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை. இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். இந்தச் சொல்லை நீதிமன்றம் எடுத்து வீசிய பிறகு, வழக்கில் மாட்டிக்கொண்ட ஆளின் கையில் முன்பைவிட ஒரு உரிமை கூடியதா, குறைந்ததா? கோட்பாட்டு வாசகங்கள் ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஆளுக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கதை தொடங்கியது மக்காச்சோளத்தில். பிராங்க்பர்ட்டில் ஒரு வணிக நிறுவனம் 20,000 டன் மக்காச்சோள நொய்யை ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்கியது. அன்றைய ஐரோப்பிய சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) விதிப்படி உரிமம் வேண்டுமென்றால் ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும், சொன்ன காலத்துக்குள் சரக்கை அனுப்பாவிட்டால் பணம் போய்விடும். நிறுவனத்தால் முழுச் சரக்கையும் அனுப்ப முடியவில்லை, சுமார் 17,000 மார்க் போனது. "இது எங்கள் தொழில் சுதந்திரத்தை அளவுக்கு மீறி நெரிக்கிறது, ஜெர்மன் அரசமைப்பின் அடிப்படை உரிமைகளுக்கு விரோதம்" என்று வழக்குப் போட்டார்கள். 1970 டிசம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பதில் கறாரானது. ஐரோப்பிய சமூகத்தின் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை ஒரு உறுப்பு நாட்டின் அரசமைப்பை வைத்து அளக்க முடியாது, அது அடிப்படை உரிமையே ஆனாலும் சரி. அடிப்படை உரிமைகளை நாங்களே எங்கள் பொதுக் கோட்பாடுகளின் வழியாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றது.

ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 1974 மே 29 அன்று இதற்குப் பதில் எழுதியது. ஐரோப்பிய சமூகத்துக்கு, நாடாளுமன்றம் ஒன்று நிறைவேற்றிய உரிமைப் பட்டியல் எதுவும் இல்லாத வரைக்கும், எங்கள் அடிப்படை உரிமைகளை வைத்து உங்கள் விதிகளை நாங்கள் சோதிப்போம். "இல்லாத வரைக்கும்" என்பதற்கு ஜெர்மனில் "சோலாங்கே", அதுவே தீர்ப்பின் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. நடைமுறையில் உள்ள அரசமைப்பின் அடையாளம் என்ற சொற்றொடர் அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது, அந்த அடையாளத்தில் அடிப்படை உரிமைகளின் அத்தியாயம் விட்டுக்கொடுக்க முடியாத பகுதி என்றும் வருகிறது. 5க்கு 3 என்ற தீர்ப்பு அது. வேடிக்கை என்னவென்றால் நிறுவனம் கடைசியில் தோற்றது, வைப்புத்தொகை விதியில் உரிமை மீறல் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. போன பணம் போனதுதான், ஆனால் மிரட்டல் வேலை செய்தது. 1977 ஏப்ரலில் சமூகத்தின் மூன்று அமைப்புகளும் சேர்ந்து அடிப்படை உரிமைகளை மதிப்போம் என்று கூட்டறிக்கை விட்டன, லக்சம்பர்க் நீதிமன்றமும் தன் உரிமைத் தீர்ப்புகளை வருடா வருடம் கெட்டிப்படுத்திக்கொண்டே போனது. 1986இல் தைவானிலிருந்து இறக்குமதியான காளான் பற்றிய ஒரு வழக்கில் ஜெர்மன் நீதிமன்றம் "சரி, இப்போது பாதுகாப்பு போதுமான அளவுக்கு இருக்கிறது, இது நீடிக்கும் வரைக்கும் நாங்கள் சோதிக்க மாட்டோம்" என்று சோலாங்கேயைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது.

காவல் என்ற சொல்லுக்கு நான் காட்டும் முதல் சாட்சி இதுதான். அடையாளத்தைச் சொல்லி மிரட்டியதால் எதிர்ப்பக்கத்தில் உரிமைத் தரம் உயர்ந்தது, உயர்ந்ததும் மிரட்டல் நின்றது. 2000இல் அறிவித்து 2009 டிசம்பரில் சட்டப் பலம் பெற்ற ஐரோப்பிய அடிப்படை உரிமைகள் சாசனத்துக்கு இந்தச் சோளமும் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஜெர்மனியின் கதை அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய அரசமைப்பில் 79(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது, "நிரந்தரப் பிரிவு" என்று பெயர். மனித மாண்பைச் சொல்லும் 1ஆம் பிரிவையும், மக்களாட்சி, கூட்டாட்சி, சமூகநல அரசு முதலியவற்றைச் சொல்லும் 20ஆம் பிரிவையும் தாங்கி நிற்கும் கோட்பாடுகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது. 2009 ஜூன் 30 அன்று, ஒன்றியத்தின் அமைப்பைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கை பற்றிய தீர்ப்பில் இந்தப் பிரிவைத்தான் அடையாளத்தின் எல்லைக்கோடாக வைத்தார்கள். அதை முழு வேகத்தில் பயன்படுத்தியது 2015 டிசம்பரில். ஒரு அமெரிக்கக் குடிமகனுக்கு இத்தாலியில் 1992ஆம் ஆண்டு, அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி 30 ஆண்டு சிறை விதித்திருக்கிறார்கள், தீர்ப்பு வந்ததே தனக்குத் தெரியாது என்கிறார் மனிதர். 2014இல் ஜெர்மனியில் பிடிபட்டார், இத்தாலி ஐரோப்பிய பிடியாணையை வைத்து ஆளைக் கேட்டது. அங்கே போனால் சாட்சிகளை மறுபடியும் விசாரிக்கும் முழு மறுவிசாரணை கிடைக்குமா என்பதைக் கீழ்நீதிமன்றம் சரியாகத் துருவவில்லை. குற்றம் நிரூபிக்கப்படாமல் தண்டனை இல்லை என்பது மனித மாண்பிலிருந்து வருகிறது, மனித மாண்பு எங்கள் அடையாளம், அதனால் ஒப்படைப்பு ரத்து என்று தீர்ப்பு வந்தது. அடையாளம் இங்கே ஒரு தனி மனிதனின், அதுவும் வெளிநாட்டுக்காரரின் பக்கம் நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஹங்கேரிக்குப் போகும்போது தேவைப்படும்.

அதற்கு முன் இத்தாலி. எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகவும் பிடித்த வழக்கு தாரிக்கோ. இத்தாலியில் குற்ற வழக்குகளுக்குக் காலவரையறை உண்டு, விசாரணை தொடங்கிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் அதை நிறுத்தும் காரணங்கள் வந்தாலும் மொத்தக் காலத்தில் நாலில் ஒரு பங்குதான் பொதுவாகக் கூட்டலாம். மதிப்புக்கூட்டு வரி மோசடி போன்ற சிக்கலான வழக்கு மூன்று நீதிமன்றங்களைத் தாண்டுவதற்குள் காலம் முடிந்து குற்றவாளிகள் கையை வீசிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அந்த வரியில் ஒரு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கஜானாவுக்குப் போவது. அதனால் 2015 செப்டம்பரில் லக்சம்பர்க் நீதிமன்றம், கடுமையான மோசடி வழக்குகளில் கணிசமான எண்ணிக்கையில் தண்டனையே இல்லாமல் போகிறதென்றால் இத்தாலிய நீதிபதிகள் அந்தக் காலவரையறை விதியை ஒதுக்கிவைக்க வேண்டும் என்றது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, திருடன் தப்பக் கூடாது. ஆனால் இத்தாலியில் காலவரையறை என்பது வெறும் நடைமுறை விதி கிடையாது, குற்றத்துக்கும் தண்டனைக்கும் உரிய சட்டத்தின் ஒரு பகுதியாகவே அதைக் கருதுகிறார்கள். அப்படியானால் குற்றம் நடந்த நாளில் இருந்த விதியை பின்னால் மாற்றி ஒருவரைத் தண்டிப்பது அவர்களுடைய அரசமைப்பின் 25ஆம் பிரிவுக்கு எதிரானது. இன்னொரு சிக்கல், "கணிசமான எண்ணிக்கை" என்றால் எத்தனை? தன் மேசையில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டிருக்கும் நீதிபதி நாடு முழுக்க எத்தனை வழக்கு காலாவதியானது என்று எப்படி எண்ணுவார்? எண்ணிப் பார்த்துத்தான் ஒருவனுக்குச் சிறையா இல்லையா என்று முடிவுசெய்வதென்றால் அது சட்டம் இயற்றுகிறவர் வேலை.

இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றத்திடம் "எதிர் எல்லைகள்" என்று அவர்கள் அழைக்கும் ஆயுதம் 1970களிலிருந்தே தயாராக இருந்தது. அரசமைப்பின் உச்சக் கோட்பாடுகளையும் மனிதரின் பறிக்க முடியாத உரிமைகளையும் மீறினால் ஐரோப்பியச் சட்டம் எங்கள் நாட்டுக்குள் நுழையாது என்பதுதான் அது. எடுத்து வீசியிருக்கலாம். வீசவில்லை. 2017 ஜனவரியில் லக்சம்பர்க்குக்கே திருப்பிக் கேள்வி அனுப்பினார்கள்: "நீங்கள் உண்மையிலேயே இதைத்தான் சொன்னீர்களா, எங்கள் அரசமைப்போடு மோதினாலும் இதைச் செய்யச் சொல்கிறீர்களா" என்ற தொனியில். பணிவான கடிதம்தான், ஆனால் பணிவுக்குள் இருந்த பல் தெரிந்தது. 2017 டிசம்பர் 5 அன்று லக்சம்பர்க் இறங்கிவந்தது. சட்டப்படியான தண்டனை என்ற கோட்பாட்டை மீறுவதாக இருந்தால் விதியை ஒதுக்கிவைக்கும் கடமை இல்லை. அதோடு, அந்தக் கோட்பாடு ஒன்றியத்தின் சாசனத்திலேயே இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டது. இத்தாலியின் உரிமை ஐரோப்பாவின் உரிமையாகிவிட்டது, யாருக்கும் முகம் போகவில்லை. பயனடைந்தவர்கள் வரி ஏய்ப்புக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்பது பலருக்கு உறுத்தும். உரிமை வழக்குகளில் நல்ல முகங்கள் மட்டும்தான் வரும் என்று எதிர்பார்த்தால் இந்தத் துறையைப் படிக்கவே முடியாது.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. 2013இல் மெலோனி வழக்கில் ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம், ஆள் இல்லாமல் தண்டிக்கப்பட்டவரை ஒப்படைப்பதில் எங்கள் உயர்ந்த தரத்தைப் பின்பற்றலாமா என்று கேட்டபோது, ஒன்றியம் முழுக்க ஒரே தரம் என்று சட்டம் வகுத்துவிட்ட இடத்தில் அது முடியாது என்று லக்சம்பர்க் மறுத்தது. ஸ்பெயின் ஏற்றுக்கொண்டது. அடையாளத்தை விட்டுக்கொடுத்ததால் உரிமை குறைந்த வழக்கு என்று நான் அதைப் பார்க்கிறேன். "வெளி நீதிமன்றம் என்றாலே மனித உரிமை, உள்நாட்டு நீதிமன்றம் என்றாலே குறுகல்" என்று நினைப்பவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சரி, ஹங்கேரி. 2015 செப்டம்பரில் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் வந்து இறங்கிய 1,20,000 தஞ்சம் கோருவோரை உறுப்பு நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்க ஒன்றியம் முடிவெடுத்தது. ஹங்கேரியின் பங்கு 1,294 பேர். ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு இது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அன்றைய பிரதமர் ஓர்பானின் அரசு 2016 அக்டோபர் 2 அன்று இதைப் பற்றிக் கருத்து வாக்கெடுப்பு நடத்தியது, பாதிக்கும் குறைவானவர்களே வந்ததால் அது செல்லாமல் போனது. நவம்பரில் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. அடுத்த சில வாரங்களுக்குள், ஓராண்டு காலமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனுவை அரசமைப்பு நீதிமன்றம் தட்டி எழுப்பி, ஹங்கேரிக்கு ஒரு அரசமைப்புத் தன்னடையாளம் உண்டு, அது அரசமைப்பு உருவாக்கியது அல்ல, அரசமைப்பு அதை அங்கீகரிக்க மட்டுமே செய்கிறது, அதைக் காக்க ஒன்றியத்தின் முடிவுகளைச் சோதிக்கும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று அறிவித்தது. மக்களிடம் கேட்டுக் கிடைக்காதது, நாடாளுமன்றத்தில் கேட்டுக் கிடைக்காதது, நீதிமன்றத்தில் கிடைத்தது. 2018 ஜூனில் ஏழாவது திருத்தம் நிறைவேறி, நாட்டின் அரசமைப்பு அடையாளத்தையும் கிறிஸ்தவப் பண்பாட்டையும் காப்பது அரசின் ஒவ்வொரு உறுப்பின் கடமை என்று எழுத்திலும் ஏறியது.

அந்தத் தீர்ப்பு ஜெர்மன் தீர்ப்புகளைத் தாராளமாகத் துணைக்கு அழைக்கிறது. வாசகம் ஒன்றுதான், ஆனால் ஜெர்மனியில் அடையாளத்தின் எல்லை 79(3) என்ற எழுதப்பட்ட பிரிவில் இருக்கிறது, அதன் முதல் வரி மனித மாண்பு. ஹங்கேரியில் "வரலாற்று அரசமைப்பின் சாதனைகள்" என்ற மூட்டைக்குள் கையை விட்டு நீதிமன்றம் எதை எடுக்கிறதோ அதுதான் அடையாளம், முழுப் பட்டியல் கிடையாது என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு இன்னும் உறுத்துவது அடுத்த விஷயம். மனுவைப் போட்டவர் அந்நாட்டின் அடிப்படை உரிமைகள் ஆணையர். உரிமைகளைக் காக்க அமர்த்திய ஆள். வழக்கில் அந்த 1,294 பேரில் ஒருவர்கூட இல்லை. யாருடைய உரிமை கூடியது என்று கேட்டால் அரசின் உரிமை என்றுதான் பதில் வரும். 2020 ஏப்ரலில் லக்சம்பர்க் ஹங்கேரி, போலந்து, செக் மூன்றும் கடமை தவறின என்று தீர்ப்பளித்தது, அதற்குள் அந்தப் பகிர்வுத் திட்டத்தின் காலமே முடிந்துபோயிருந்தது.

போலந்து 2021 அக்டோபரில் செய்தது இதைவிட முரட்டுத்தனம், அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நீதிபதிகளின் சுதந்திரத்தைக் கேள்வி கேட்ட ஐரோப்பிய விதிகளை, முறையாக நியமிக்கப்படாதவர்களும் உட்கார்ந்திருந்த ஒரு நீதிமன்றம் அரசமைப்புக்கு விரோதம் என்றது. ரஷ்யா 2016 ஏப்ரலில், கைதிகளின் வாக்குரிமை பற்றி ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தந்த தீர்ப்பை நிறைவேற்ற முடியாது, எங்கள் அரசமைப்பின் 32(3) பிரிவு குறுக்கே நிற்கிறது என்றது. அடுத்த ஆண்டு யூகோஸ் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்குக் கொடுக்கவேண்டிய சுமார் 187 கோடி யூரோவையும் அதே பாணியில் மறுத்தது. 2022 மார்ச்சில், அந்த ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய மன்றத்திலிருந்தே ரஷ்யா வெளியேற்றப்பட்டது.

இன்னொரு வகையும் உண்டு, அங்கே அடையாளமே மீறல். போஸ்னியாவின் அரசமைப்பு 1995 டேட்டன் அமைதி உடன்படிக்கையின் ஓர் இணைப்பு. மூன்று பேர் கொண்ட குடியரசுத் தலைமையில் ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோட், ஒரு செர்ப் மட்டுமே உட்கார முடியும். ரோமா இனத்தைச் சேர்ந்த செய்திச் என்பவரும் யூதரான ஃபின்ட்சி என்பவரும் போட்டியிடவே முடியாது. 2009 டிசம்பர் 22 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. ஆனால் அந்த மூவர் ஏற்பாடுதான் போரை நிறுத்தியது, அதுதான் அந்த நாட்டின் அரசமைப்பு என்று சொன்னால் தவறில்லை. இதில் எனக்குத் தெளிவான கட்சி கிடையாது. போர் நின்றபோது அந்த ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்வேன், இத்தனை ஆண்டு கழித்தும் அப்படியே இருப்பதற்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை. 2010, 2014, 2018, 2022 என நான்கு பொதுத் தேர்தல்கள் அதே விதியோடு நடந்திருக்கின்றன.

நம் ஊர்க் கேள்விக்கு வருகிறேன். அடிப்படைக் கட்டமைப்பும் இதுவும் ஒரே குடும்பம்தான், சொந்தமே உண்டு. டீட்ரிக் கான்ராட் என்ற ஜெர்மன் அறிஞர் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் திருத்தும் அதிகாரத்தின் உள்ளார்ந்த எல்லைகள் பற்றிப் பேசினார், அந்த வாதம் கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வழியாக நீதிமன்றத்துக்குள் வந்தது, 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேரின் பெரும்பான்மையாக நிலைத்தது. திருத்தம் என்றால் பழைய அரசமைப்பு தன் அடையாளத்தை இழக்காமல் மிஞ்ச வேண்டும் என்று நீதிபதி எச்.ஆர். கன்னா எழுதியதில் அதே "அடையாளம்" வருகிறது. வித்தியாசம் திசையில். இந்தியாவில் அந்தச் சொல் உள்ளூர் நாடாளுமன்றத்தைப் பார்த்து நீட்டப்படுகிறது, நமக்கு மேலே கட்டுப்படுத்தும் வெளி நீதிமன்றம் எதுவும் இல்லை. அதனால் ஹங்கேரி பாணிச் சாக்கு இங்கே எழும் வாய்ப்பு குறைவு. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. கோட்பாடு பிறந்து மூன்றே ஆண்டுகளில், 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் சிறையில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று 4க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒருவர் கன்னா.

இலங்கையில் திசை வெளியே பார்த்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாங்கிய வாக்குமூலத்தை வைத்து நீண்ட சிறைத்தண்டனை பெற்ற ஒரு தமிழரின் வழக்கில், நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐநா மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. அதை வைத்துத் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்டபோது, 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்த நெறிமுறையில் 1997இல் இலங்கை சேர்ந்ததே அரசமைப்புக்கு முரண் என்றது. சிங்கராசா வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அடையாளம் என்ற சொல்லை அவர்கள் நம்பியிருக்கவில்லை, இறைமை என்றார்கள். நான் முதலில் சொன்ன அளவுகோலில் வைத்துப் பாருங்கள், ஆள் சிறையிலேயே இருந்தார், அவருக்கு இருந்த வெளிக் கதவும் சாத்தப்பட்டது.

கடைசியாக, அடையாளம் என்றால் மாறாதது என்று உங்கள் கேள்வியில் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது, அதற்கு அயர்லாந்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கருவில் இருக்கும் உயிருக்குத் தாய்க்குச் சமமான உரிமை என்று 1983இல் மக்கள் வாக்களித்து 40.3.3 பிரிவை அரசமைப்பில் சேர்த்தார்கள். கத்தோலிக்க அயர்லாந்தின் அடையாளம் அது என்று அன்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். ஐரோப்பியச் சட்டம் அதைத் தொட்டுவிடுமோ என்ற பயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய 1992 மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையோடு அந்த ஒரு பிரிவைக் காக்கவே தனி நெறிமுறை ஒன்றை அயர்லாந்து கேட்டு வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டில் கருக்கலைப்பு வசதி பற்றித் தகவல் சொல்வதைக்கூடத் தடுப்பது கருத்துரிமை மீறல் என்று ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்தது, நவம்பரிலேயே மக்கள் வாக்களித்துப் பயணத்துக்கும் தகவலுக்கும் வழிவிட்டார்கள். 2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் அந்தப் பிரிவையே நீக்க வாக்களித்தார்கள். எந்த வெளி நீதிமன்றமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த எண்ணில் இன்று வேறு வாசகம் இருக்கிறது, நெறிமுறை மட்டும் 35 என்ற புது எண்ணோடு ஒன்றிய உடன்படிக்கைகளின் பின்னிணைப்பில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.